டிரைவுக்குப் பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் போகிறவர்களிடம் உஷாராக இருங்கள்

வியாசர்பாடி தொழிற்பேட்டைப் பக்கம் சின்னதாக ஒரு யூனிட் நடத்துகிறேன். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் குருணையாக்கும் எக்ஸ்ட்ரூடர் ஒன்று, ஆட்கள் நான்கு பேர். எக்ஸ்ட்ரூடரை ஓட்டுவது 15 ஹெச்பி மோட்டார். போன மழைக்காலத்தில் அதன் டிரைவ், அதாவது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுப் பெட்டி, போய்விட்டது. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, டிரைவ் சர்வீஸ் செய்கிறவர் ஒருவரைக் கூப்பிட்டேன்.

15 ஹெச்பி டிரைவ் கையில் இல்லை, 20 ஹெச்பி போட்டால் இன்னும் நல்லது என்றார். சரி என்றேன். பெரிய டிரைவ் போடுவது தப்பில்லை. ஆனால் உள்ளே கொடுக்கும் கணக்கு மோட்டாரின் கணக்காக இருக்க வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது. அவர் மோட்டார் பக்கமே போகவில்லை. "பதினஞ்சு ஹெச்பின்னா இருபத்தொரு ஆம்ஸ், தெரியும் சார்" என்று கீபேடில் பத்து நிமிடம் எதையோ அழுத்தினார். புரோகிராமிங் என்று தனியாக 4,500 ரூபாய் வாங்கினார். யாரும் கை வைத்துவிடக் கூடாது என்று பாஸ்வேர்டும் போட்டார். எண்ணைக் கேட்டதற்கு, அது கம்பெனி ரகசியம் என்றார்.

நான்காம் நாள் ஓவர்லோட் டிரிப்: மோட்டார் அளவுக்கு மேல் ஆம்பியர் இழுக்கிறது என்று டிரைவ் தானே நிறுத்திவிட்டது. கூப்பிட்டேன். வந்தார், ஏதோ மாற்றினார், 2,500 வாங்கினார். பத்து நாள் ஓடி மறுபடி டிரிப். மறுபடி 2,500. "மோட்டாருக்கு வயசாயிடுச்சு சார், ஆம்ஸ் ஜாஸ்தி இழுக்குது" என்றார். அதற்கப்புறம் டிரிப்பே ஆகவில்லை. அவர் சரிசெய்துவிட்டார் என்றே நம்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு மாலை புகை வந்தது, மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுற்று, காயில், எரிந்துவிட்டது. ரீவைண்டிங் செலவு 14,000. ஐந்து நாள் வேலை நின்றது. மணலிக்குப் போக வேண்டிய சரக்கு ஒன்று கைவிட்டுப் போனது. ஆட்களுக்கு அந்த ஐந்து நாளும் சம்பளம் கொடுத்தேன், அவர்கள் என்ன தவறு செய்தார்கள்?

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் காயில் கட்டிக் கொடுத்த பெரியவர்தான். மோட்டாரை மாட்டி ஓடவிட்டு, டிரைவ் டிஸ்பிளேயில் வெளியே போகும் வோல்ட்டைப் பார்த்தார். 35 ஹெர்ட்ஸ் வேகத்தில் 242 காட்டியது. "தம்பி, உடனே நிறுத்து. இது 290 காட்டணும்" என்றார். நம் ஊர் மோட்டார் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த விகிதத்தில் 35 ஹெர்ட்ஸுக்கு 290 வோல்ட் வர வேண்டும். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தாலும் அந்த டிரைவில் பாராமீட்டர்களை, அதாவது உள்ளே கொடுத்த எண்களை, பார்க்க முடியும், மாற்றத்தான் முடியாது. ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வோல்ட் 415 என்று சரியாக இருந்தது. அடிப்படை ஹெர்ட்ஸ், அதாவது முழு வோல்ட்டும் வர வேண்டிய ஹெர்ட்ஸ், 60 என்று இருந்தது. 60 ஹெர்ட்ஸ் கரண்ட் உள்ள நாடுகளுக்கும் போவதால் பல டிரைவ்கள் இப்படித்தான் பெட்டியிலிருந்து வருகின்றன. டிரைவ் போட்டவர் அதை மாற்றவே இல்லை.

வோல்ட் குறைந்தால் மோட்டாருக்குள் காந்தப்புலம் பலமிழக்கும். அதே சுமையை இழுக்க அது கூடுதல் ஆம்பியர் எடுக்கும், சூடாகும். 35 ஹெர்ட்ஸில் மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும் என்பதால் அந்தச் சூடு வெளியேறவும் வழியில்லை. டிரைவ் நியாயமாகத்தான் டிரிப் ஆகியிருக்கிறது. மோட்டார் மேல் இருக்கும் விவரத் தகடான நேம்பிளேட்டில் 21 ஆம்பியர். ஓவர்லோட் அளவைப் பார்த்தால் 32. அது டிரைவின் அளவு, மோட்டாரின் அளவே இல்லை. எனக்கு இன்னும் ஆறாதது இதுதான். ஹெர்ட்ஸை மறந்தது கவனக்குறைவு என்றே வைத்துக்கொள்வோம். காப்பாற்ற வேண்டிய அளவை உயர்த்திவிட்டு, அதற்கு இரண்டு முறை காசு வாங்கியதை என்னவென்று சொல்வது?

போன் செய்தேன். மோட்டார் பழசு என்றார். பாஸ்வேர்டு கேட்டேன், போனை வைத்துவிட்டார். டிரைவ் தயாரித்த கம்பெனியின் சேவை எண்ணில் பேசி, எல்லாவற்றையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்தோம். பெரியவர் நேம்பிளேட்டைப் படிக்கப் படிக்க நானே அழுத்தினேன்: 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 21 ஆம்பியர், 1460 ஆர்பிஎம். இப்போது அதே சுமைக்கு 18 ஆம்பியர்தான் எடுக்கிறது.

இன்னொன்று. அந்த ஆள் மெயினை அணைத்த உடனே மூடியைக் கழற்றி டெர்மினலில் கை வைத்தார், என் பையனையும் பிடிக்கச் சொன்னார். அணைத்த உடனே உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரில் 500 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அது இறங்கச் சில நிமிடம் ஆகும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவ் மூடியிலேயே போட்டிருக்கிறார்கள். அதற்கு முன் உங்கள் ஆட்களைத் தயவுசெய்து கை வைக்க விடாதீர்கள்.

அவர் இப்போதும் கொடுங்கையூர், மாதவரம் பக்கம் வேலை எடுக்கிறார் என்று கேள்வி. யார் வந்தாலும் முதலில் நேம்பிளேட்டைப் படிக்கிறாரா என்று பாருங்கள். மாற்றிய எண்களையும் பாஸ்வேர்டையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் காசு கொடுக்காதீர்கள். என் டிரைவில் கொடுத்த எண்களை ஒரு தாளில் எழுதி பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன், போனிலும் படம் இருக்கிறது.