பர்சனல் ஃபைல்ஸ்க்கு பாஸ்வேர்ட்: வெராகிரிப்ட் ரொம்ப நாளா யூஸ் பண்றவனோட ரிவ்யூ

ஐடி ஸ்கேன், பேங்க் ஸ்டேட்மென்ட், மெடிக்கல் ரிப்போர்ட்னு அடுத்தவங்க கண்ணுல படக்கூடாத எல்லாத்தையும் பல வருஷமா வெராகிரிப்ட்லதான் வச்சிருக்கேன், ஃபைல்கள என்கிரிப்ட் பண்ற, அதாவது பாஸ்வேர்ட் இல்லாம யாரும் படிக்க முடியாதபடி மாத்தி வைக்கிற இலவச சாஃப்ட்வேர் அது. இன்ஸ்டால் பண்ண ஜோர்ல எழுதுற ரிவ்யூ இல்ல இது.

விண்டோஸ் லாகின் பாஸ்வேர்டே போதுமேன்னு கேப்பாங்க. டிஸ்க் என்கிரிப்ட் ஆகலேன்னா போதாது, லினக்ஸ் பூட் ஆகுற பென்டிரைவ் ஒண்ணு சொருகினாலோ டிஸ்க்க கழட்டி வேற மெஷின்ல மாட்டினாலோ எல்லா ஃபைலும் அப்படியே தெரியும். ஃபோல்டர பூட்டித்தர்றேன்னு வர்ற இலவச ஆப்கள்ல சிலது ஃபோல்டர மறைச்சு பெர்மிஷன மாத்துறதோட சரி, அதே லினக்ஸ் பென்டிரைவ் முன்னாடி பல்லிளிச்சிரும்.

வெராகிரிப்ட் 2013-ல வந்துச்சு, இதே வேலைய செஞ்ச பழைய சாஃப்ட்வேர் ட்ரூகிரிப்ட்ட அடுத்த வருஷம் மே மாசம் கைவிட்டதும் நிறைய பேரு இதுக்கு மாறிட்டாங்க. ஒரே ஒரு பெரிய ஃபைல் (இதத்தான் கன்டெய்னர்னு சொல்வாங்க), அதுக்குள்ளதான் எல்லாம். பாஸ்வேர்ட் போட்டு மவுண்ட் பண்ணா தனி டிரைவ் மாதிரி வந்து நிக்கும், வேலை முடிஞ்சா டிஸ்மவுண்ட். தொறக்க கொஞ்சம் நேரம் எடுக்குதுன்னு சிலர் அலுத்துக்குவாங்க, ஆனா அது வேணும்னே வச்சது, சாதாரண கன்டெய்னருக்கு எஸ்எச்ஏ-512ங்கிற கணக்கு முறைன்னா டீஃபால்ட்டா 5 லட்சம் தடவ சுத்தி பாஸ்வேர்ட்லேர்ந்து சாவிய உருவாக்குது, நமக்கு ஓரிரு செகண்ட்தான், பாஸ்வேர்ட யூகிச்சு யூகிச்சு அடிச்சுப் பாக்குறவனுக்கு ஒவ்வொரு தடவையும் அதே பாடு.

கடுப்பேத்துற விஷயமும் இருக்கு. சைஸ் மொதல்லயே முடிவு பண்ணணும், பின்னாடி பெருசாக்க தனி டூல் இருக்கு ஆனா சுத்து வேலை. இன்னொன்னு யாரும் சொல்லமாட்டாங்க: உள்ள ஃபைல மாத்துனாலும் கன்டெய்னரோட தேதிய வெராகிரிப்ட் பழையபடியே வச்சிரும், அதனால கிளவுட் சிங்க் மாற்றம் நடந்ததையே கவனிக்காம பழைய காப்பியோட சும்மா இருக்கும். செட்டிங்ஸ்ல அந்த டைம்ஸ்டாம்ப் டிக்க எடுத்துவிடுங்க. கிளவுட்தான் முக்கியம்னா கிரிப்டோமேட்டர்ங்கிற சாஃப்ட்வேர் நல்லது, ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியா என்கிரிப்ட் பண்ணும், மாத்துன ஃபைல் மட்டும் ஏறும்.

யாருக்காச்சும் ஒரு ஃபைல் அனுப்பத்தான் செவன்-ஜிப், ஃபைல்கள சுருக்கி ஒண்ணா கட்டுற சாஃப்ட்வேர். செவன்இசட் ஃபார்மேட்ல ஏஇஎஸ்-256ங்கிற பலமான என்கிரிப்ஷன் இருக்கு, ஃபைல் பேரையும் மறைக்கிற டிக் போடணும், இல்லேன்னா பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ள என்னென்ன இருக்குன்னு லிஸ்ட் தெரியும் (பேர்லயே பாதி ரகசியம் இருக்கும்ல). ஜிப் ஃபார்மேட்ல ஜிப்கிரிப்டோன்னு ஒரு பழைய முறை வரும், அத தொடவே தொடாதீங்க, 1994-லயே அத ஒடைக்கிற வழிய எழுதிட்டாங்க. தினப்படி வேலைக்கு செவன்-ஜிப் எனக்கு செட் ஆகல, உள்ள இருக்குற ஃபைல டபுள் கிளிக் பண்ணா டெம்ப் ஃபோல்டர்ல பூட்டில்லாத காப்பி ஒண்ணு போட்டுதான் தொறக்கும், சில சமயம் அது அங்கயே தங்கிரும்.

வெராகிரிப்ட் மவுண்ட் ஆகி இருக்குற நேரத்துல உள்ள வந்த வைரஸுக்கும் எல்லா ஃபைலும் தொறந்துதான் கெடக்கும், அதனால ஆட்டோ டிஸ்மவுண்ட் போட்டு வைங்க. ஹெடர் பேக்கப்பும் எடுத்து வேற டிரைவ்ல வைங்க, கன்டெய்னரோட தலைப்பகுதி கெட்டுப்போனா அது காப்பாத்தும், ஆனா பாஸ்வேர்ட் மறந்துட்டா அதுவும் உதவாது, ரீசெட் லிங்க் அனுப்ப அங்க யாரும் இல்ல.