லண்டன் சாப்பாடு பாரிஸில்: பெட்டியா, பார்சலா, லாச்சப்பலா?

லண்டனில் 16 வருடம் இருந்துவிட்டு, கணவரின் வேலைக்காக நாங்கள் பாரிஸுக்கு வந்து நாலு வருடமாகிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் லண்டனில் பிறந்தவர்கள். வந்த புதிதில் அவர்கள் ஏங்கியது இடியப்பத்துக்கும் சொதிக்கும் இல்லை, அவை வீட்டில் எப்போதும் உண்டு. வாட்டிய பாணில் பேக்ட் பீன்ஸ், சனிக்கிழமை காலை சாப்பிடும் கிரம்பெட் என்ற துளைவிழுந்த தட்டை ரொட்டி, பள்ளிக்கூடத்தில் மதியம் கொடுத்த கஸ்டர்ட், இவைதான் அவர்களுக்கு ஊர்ச் சாப்பாடு. எனக்கும் பால் விட்ட சாயம் கூடிய தேத்தண்ணி இல்லாமல் பொழுது விடியாது.

லண்டனிலிருந்து பிரான்சுக்கு மாற இருக்கும் மச்சாள் ஒருத்தி போன கிழமை, "எதை நம்பி வரலாம்?" என்று கேட்டாள். அவளுக்குத் தொலைபேசியில் சொன்னதைக் கொஞ்சம் ஆறுதலாக இங்கே எழுதுகிறேன்.

பீன்ஸ், டைஜஸ்டிவ் பிஸ்கட், வீட்டாபிக்ஸ் மூன்றுக்கும் அலைய வேண்டாம். பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளில் வெளிநாட்டுச் சாமான் தட்டில் இருக்கும், விலைதான் லண்டனைவிடக் கூட. ஃபிஷ் ஃபிங்கர் பிரெஞ்சுக்காரரின் குளிர்பெட்டியிலேயே வேறு பெயரில் கிடைக்கிறது. மிச்சச் சாமானுக்குத்தான் யோசனை வேண்டும்.

பலரும் முதலில் நம்புவது பயணப் பெட்டியை. லண்டன் செயின்ட் பான்கிராஸில் யூரோஸ்டார் ரயில் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் பாரிஸின் கார் து நோர் நிலையம். சில விமான நிலையங்களில் போல 100 மில்லிலீட்டர் கட்டுப்பாடு இல்லாததால் கோல்டன் சிரப் தகரத்தைப் பயமில்லாமல் வைக்கலாம். ஆனால் 2021 ஜனவரி 1 முதல் பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் பயணி இறைச்சியோ பாற்பொருளோ கொண்டுவர முடியாது. பேக்கன், சொசேஜ், செடார் சீஸ், போர்க் பை எல்லாம் அதோடு போயிற்று. அந்த மாதமே நெதர்லாந்துத் துறைமுகம் ஒன்றில் லாறிச் சாரதிகள் வைத்திருந்த ஹாம் சாண்ட்விச்சைக்கூட அதிகாரிகள் பறித்தது செய்தியாக வந்தது. தேயிலை, பிஸ்கட், சொக்லேட், கேக் போன்றவற்றுக்குத் தடையில்லை.

பார்சலில் எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது முதல் நத்தாரிலேயே. அக்கா ஆசையோடு அனுப்பிய பெட்டியில் ஒரு கட்டி செடாரையும் வைத்துவிட்டார். மூன்று கிழமை எங்கோ கிடந்து, உடைத்துத் திரும்ப ஒட்டிய பெட்டியாக, பாதிச் சாமானோடு வந்து சேர்ந்தது. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் பரிசு 45 யூரோவுக்குள் இருந்தால் வரி கிடையாது. கடையில் ஓடர் கொடுத்தால் 2021 ஜூலை முதல் எவ்வளவு சின்னப் பார்சலுக்கும் வற் (பெறுமதிசேர் வரி) உண்டு. விற்கிற கடை அதை முன்கூட்டியே அறவிடவில்லை என்றால், வரியோடு கையாளும் கட்டணமும் சேர்த்து வாசலில் கேட்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை பிறந்தநாளுக்கு என்றால் சரி. வாழ்க்கையை அதில் நடத்த முடியாது.

மூன்றாவது, பாரிஸில் இருக்கும் ஆங்கிலேயக் கடைகள். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2001இல் பிரான்சை விட்டுப் போனது, 2011இல் ஷாம்ஸ் எலிசேயில் திரும்பக் கடை திறந்தது, 2021இல் பிரெக்சிட்டுக்குப் பிறகு சாமானை நேரத்துக்குக் கொண்டுவர முடியவில்லை என்று 11 கடைகளை மூடுவதாக அறிவித்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால் சின்னக் கடைகள் படும் பாட்டைச் சொல்லத் தேவையில்லை. நான் போகும் கடையில் ஆட்கள் அன்பானவர்கள், சாமானும் நல்லது. ஆனால் இந்தமுறை கண்ட சாமான் அடுத்தமுறை இருக்கும் என்பது நிச்சயமில்லை.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது இந்த ஒரு விஷயந்தான்: ஒரு சாமான் இன்றைக்குத் தீர்ந்தால் நாளைக்கு வாங்கலாமா? விலையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நாலு வருட அனுபவத்தில் விலை இரண்டாம்பட்சம். எங்கள் வீட்டில் ஒருநாளைக்கு எட்டுத் தேயிலைப் பை போகிறது. 160 பை இருக்கும் பெட்டி 20 நாளில் காலி. லண்டனுக்கு நாங்கள் போவது நாலு மாதத்துக்கு ஒருமுறை, ஆக ஒவ்வொரு முறையும் தேயிலை மட்டுமே ஆறு பெட்டி கொண்டுவர வேண்டும். இதேபோலப் பிஸ்கட்டுக்கும் கஸ்டர்டுக்கும் கணக்குப் போட்டால் உடுப்பு வைக்க இடமில்லை. அதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. முதல் வருடம் பிள்ளைகளுக்குப் பிஸ்கட்டை எண்ணிக் கொடுத்தேன். விருந்தாளி வந்தால் லண்டன் தேயிலையை மறைத்து வைத்தேன். நாளாந்தம் சாப்பிடுகிற ஒன்றை நகைபோலப் பூட்டி வைத்தால் அது சாப்பாடாக இருக்காது.

இந்தக் கேள்விக்குப் பதில் நாங்கள் ஒவ்வொரு கிழமையும் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் போகும், பாரிஸின் தமிழ்க் கடைத் தெருவான லாச்சப்பலில்தான் இருந்தது. கார் து நோரில் இறங்கி வடக்கே சில நிமிடம் நடந்தால் ஃபோபூர் சென் தெனி தெருவில் எங்கள் ஆட்களின் கடைகள். ஹோர்லிக்ஸ், ஓவல்டின், கிரீம் கிராக்கர், தகரத்தில் அடைத்த கோர்ண்ட் பீஃப், கஸ்டர்ட் பவுடர், மார்மைட் எல்லாம் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. இவை அங்கே இருப்பது ஆங்கிலேயருக்காக இல்லை, இலங்கையில் எங்கள் சமையலறைக்குள் இவை எப்போதோ புகுந்துவிட்டதால். காய்ச்சலில் படுத்தால் அம்மா சுடுதண்ணியில் மார்மைட் கரைத்து, தேசிக்காய் பிழிந்து தருவார். 1902இல் இங்கிலாந்தின் பேர்ட்டன் நகரத்து பியர் ஆலையில் மிஞ்சிய ஈஸ்டில் இருந்து வந்தது அது என்பது அவருக்குத் தெரியாது, வேண்டியும் இருக்கவில்லை. வாங்குவதற்கு எங்கள் ஆட்கள் இருக்கும்வரை அந்தத் தட்டு காலியாகாது. எனக்கு அதுதான் பெரிய ஆறுதல்.

கஸ்டர்ட் விஷயத்தில் ஒரு கூடுதல் நன்மை. 1837இல் பேர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர், மனைவிக்கு முட்டை ஒத்துவராததால், சோளமாவில் அந்தப் பவுடரைச் செய்தார். அதனால் முட்டை தொடாத என் மாமியும் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

தேயிலையில் நான் லண்டன் பெட்டியை முற்றாகவே விட்டுவிட்டேன். பிரெஞ்சுக் கடைத் தேயிலை பெரும்பாலும் பாலில்லாமல் குடிப்பதற்கானது, பால் விட்டால் சாம்பல் நிறமாகிவிடும். ஆங்கிலேயர் குடிக்கும் கலவைக்குச் சாயம் கொடுப்பது அசாமிலிருந்தும் கென்யாவிலிருந்தும் வரும் சின்னக் குருணல்தான். லாச்சப்பலில் வாங்கும் இலங்கைத் தூள்தேயிலை அதே கடுமையைத் தருகிறது. லண்டனைப்போலவே பாரிஸ் குழாய்த் தண்ணியும் சுண்ணாம்பு கூடியது, அதனால் ருசியில் பெரிய மாற்றம் தெரியவில்லை.

கடையில் கிடைக்காததை வீட்டில் செய்கிறேன். கிரம்பெட்டுக்குக் கோதுமைமா 300 கிராம், இளஞ்சூட்டுத் தண்ணி 400 மில்லிலீட்டர், ஈஸ்டும் பேக்கிங் பவுடரும் இரண்டிரண்டு தேக்கரண்டி, உப்பு. அரை மணி நேரம் பொங்கவிட்டு, மெல்லிய நெருப்பில் வளையத்துக்குள் ஊற்றினால், ஆப்பத்தில் வருவதுபோலவே கண்கண்ணாகத் துளை விழும். ஆப்பம் சுட்டுப் பழகிய கைக்கு இது ஒரு வேலையே இல்லை. முதல்முறை சுட்டபோது சின்னவன், "இது லண்டன் கிரம்பெட் மாதிரி இல்லை அம்மா. இன்னொண்டு தாங்கோ" என்றான்.

பிரித்தானிய சொசேஜின் மென்மைக்குக் காரணம் அதில் சேர்க்கும் ரஸ்க் தூள். பிரெஞ்சு சொசேஜில் அது இல்லாததால் பிள்ளைகளுக்குக் கடினமாக இருந்தது. அரைத்த பன்றியிறைச்சி அரைக் கிலோவுக்கு ஒரு கைப்பிடி ரஸ்க் தூள், சேஜ் இலை, மிளகு, கொஞ்சம் குளிர்ந்த தண்ணி சேர்த்துக் கையால் உருட்டிப் பொரிக்கிறேன். செடாருக்குப் பதில் காந்தால் என்ற பிரெஞ்சு சீஸ், அதிலும் மூன்று மாதத்துக்கு மேல் முதிர்ந்தது. உறைந்த பாலை அழுத்தி, நொறுக்கி, மறுபடி அழுத்துவது இரண்டுக்கும் பொதுவான முறை, அதனால் பாணில் உருக்கினால் கிட்டத்தட்ட அதே வாசம். டபுள் கிரீமின் கொழுப்பு 48 வீதம், இங்கே கிடைக்கும் இசின்யி என்ற பிரெஞ்சு கிரீம் 40 வீதம், கொஞ்சம் புளிப்பு. ஸ்கோனுக்கு அது போதும். ஆவியில் வேகும் ஸ்பொஞ்ச் புடிங்குக்கு இடியப்பப் பானை இருக்கவே இருக்கிறது.

பேக்கனில் மட்டும் நான் தோற்றுவிட்டேன். இங்கே கிடைப்பது பன்றியின் வயிற்றுப் பகுதிதான். லண்டனில் சாப்பிட்ட முதுகுப் பகுதி பேக்கனுக்கு நல்ல மாற்று எனக்கு அகப்படவில்லை. அதோடு நான் சொல்வதெல்லாம் பாரிஸ் அனுபவம். லாச்சப்பல் பக்கத்தில் இல்லாத ஊரில் நான் குடியிருந்ததில்லை, மச்சாள் போகப்போவது துலூஸ். அவள் அங்கே எங்கள் கடை ஏதும் இருக்கிறதா என்று முதலில் விசாரிக்கட்டும். இல்லையென்றால் உலர்ந்த சாமானை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இங்கே வந்து அள்ளிக்கொண்டு போவது அவளுக்குப் பார்சலைவிடச் சுகமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் பெட்டியில் இப்போது லண்டனிலிருந்து வருவது இரண்டே சாமான்: புடிங்குக்குக் கோல்டன் சிரப் இரண்டு தகரம், பிள்ளைகளின் பாட்டா பிரியப்பட்டுக் கொடுத்துவிடும் சொக்லேட். 2025 ஏப்ரல் வரை, போகும்போது மிச்ச இடத்தில் நாங்கள்தான் அக்காவுக்குப் பிரெஞ்சு பட்டர் கொண்டு போனோம்.