58 எஃப்/8: கொடைக்கானல் மலையின் பழைய நில அளவைத் தாளை மதுரையில் பிரதி எடுத்த அனுபவம்

இந்திய நில அளவைத் துறை ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவையில் முற்காலத்தில் வெளியிட்ட தாள்களுள் 58 எஃப்/8 என்பதன் ஸ்கேன் என்னிடம் இருந்தது. அதை மதுரையில் ஓர் அச்சகத்தில் கொடுத்துப் பிரதி எடுத்தேன்.

முதல் பிரதி பார்வைக்கு அழகாகவே இருந்தது. ஆனால் அளவுகோலை வைத்தபோது, மேலிருந்து கீழாக 17 அங்குலத்துக்குச் சற்று மிகுந்திருக்க வேண்டிய வரைபடத்தின் வெளிக்கட்டம் 15 அங்குலமே இருந்தது. ஏ2 காகிதத்துக்குள் அடங்குவதற்காகக் கணினி தானாகவே சுருக்கிவிட்டது. அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற கணக்கு அதோடு போயிற்று. தூரம் அளக்க உதவாத வரைபடம் சுவரில் மாட்டும் படம்தான். எடுத்துச் சொன்னபின் மறுபேச்சின்றி அதைவிடப் பெரிய ஏ1 காகிதத்தில், நூறு சதவீத அளவில் அச்சிட்டு, பாதிக் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ஆகவே இத்தகைய தாள் கொடுப்பவர்கள் 'சுருக்காமல், ஏ1' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது பிரதியில் குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. தெற்கே போடிப் பக்கம் மலை செங்குத்தாக இறங்கும் இடத்தில் பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அது ஸ்கேனின் குறையாகவும் இருக்கலாம். பெரிஜம் ஏரியைச் சுற்றிய பகுதியோ மிகத் தெளிவு. சோலைகள் பள்ளங்களில் பச்சைத் திட்டுகளாக ஒதுங்கியிருக்க, மேடுகளெல்லாம் வெறும் புல்வெளியாகக் கிடக்கின்றன. பின்னர் பைன், யூகலிப்டஸ், வேட்டில் மரங்கள் நடப்பட்ட மலையையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறொரு நாடு. நில அளவைத் துறையின் இணையதளத்தில் 2017 முதல் இலவசமாகக் கிடைக்கும் புதிய தாள்கள் பாதை பார்க்கப் போதுமானவை என்றாலும், இந்தப் பழைய நிலத்தை அவற்றில் காண முடியாது.

கொடைக்கானல் ஏரி தாளின் வடகிழக்கு மூலையில் ஒடுங்கிக் கிடப்பதால், ஊரின் கிழக்குப் பகுதி அடுத்த தாளுக்குப் போய்விடுகிறது. மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863இல் கரை கட்டி உண்டாக்கிய ஏரி அது. 1821இல் லெப்டினன்ட் வார்டு இந்த மலையை அளந்தபோது அங்கே ஏரியே இல்லை.

லேமினேஷன் வேண்டாம்; பளபளப்பில் மெல்லிய கோடுகள் மறைந்துவிடும். கிழக்கே அடுத்து வரும் 58 எஃப்/12 தாளையும் அதே அச்சகத்தில்தான் கொடுத்திருக்கிறேன், இம்முறை அளவுகோலைக் கையோடு கொண்டுபோய்.