ஊருக்கு வந்த பல்கலைக்கழக ஆய்வு முகாம்: போகலாமா?

மாரி வேளாண்மைக்கு விதைக்கிற நேரம் எங்கட மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் ஒரு பல்கலைக்கழக மருத்துவ பீடத்து ஆக்கள் வந்து பல்நோக்குக் கட்டிடத்துல ஆய்வு முகாம் ஒண்டு வச்சவங்க. சீனி, பிரசர் பாக்கிறதோட சேறு தண்ணியால வாற காய்ச்சல் வருத்தங்களயும் சேத்துப் பாக்கிற ஆய்வு. பெரியப்பாவக் கூட்டிக்கிட்டு போய் ரெண்டு பேரும் ரத்தம் குடுத்தம். பக்கத்து ஊர் ஆக்கள் போகலாமா, ரத்தத்த எடுத்துப்போட்டு போயிருவாங்களா எண்டு கேக்கிறதாலதான் இத எழுதுறன். போங்க, கட்டாயம் போங்க. அவங்க திருத்த வேண்டிய விஷயமும் கிடக்கு, அதயும் சொல்லுறன்.

பிரசர் பாத்த விதம் எனக்கு நல்லாப் புடிச்சிது. வழமையா கிளினிக்குல சனம் நிறைஞ்சு கிடக்கும், ஓடிப்போய் இருந்த உடனயே கைய நீட்டச் சொல்லி ஒருக்காப் பாத்து எழுதிருவாங்க, பாவம் அவங்களும் என்ன செய்யிற. இஞ்ச கால் மணித்தியாலம் சும்மா இருக்க வச்சு, கதைக்கவும் விடாம, இடைவெளி விட்டு மூண்டு தரம் பாத்து கடைசி ரெண்டையும் கூட்டி சராசரி எடுத்தாங்க. பெரியப்பாக்கு முதல்தரம் கூடக் காட்டினது மூண்டாந்தரம் நல்லா இறங்கிட்டு. 140க்கு 90 எண்ட கோட்டுக்குப் பக்கத்துல நிக்கிற ஆக்களுக்கு இது சின்ன விஷயமில்ல, குளிசை தொடங்கிறதா இல்லையா எண்டதே இதுலதான் இருக்கு. இடுப்புச் சுத்தளவும் எடுத்தாங்க, எங்கட நாட்டு ஆக்களுக்கு ஆம்பிளைக்கு 90 சென்ரிமீற்றர், பொம்பிளைக்கு 80, அதுக்கு மேல போனா கவனிக்கோணும் எண்டாங்க.

ரத்தம் எடுக்க முதல் ஒரு தங்கச்சி தமிழ்ல எழுதின தாளக் குடுத்து, வாசிக்கத் தெரியாத ஆக்களுக்கு வாசிச்சும் காட்டி, என்னத்துக்கு எடுக்கிறம், எவ்வளவு எடுக்கிறம், விருப்பமில்லாட்டி எந்த நேரமும் விலகலாம், விலகினா உங்கட ஆஸ்பத்திரி வைத்தியத்துக்கு ஒண்டும் ஆகாது எண்டு சொல்லித்தான் கையெழுத்து வாங்கினா. அவ "ஐயா, விளங்கினதா, நீங்க ஒருக்கா எனக்குச் சொல்லுங்க பாப்பம்" எண்டு பெரியப்பாவயே திருப்பிச் சொல்ல வச்சது நான் வேற எங்கயும் காணாத மரியாதை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வாறன். சீனி வருத்தத்தயும் காய்ச்சலயும் ஏன் ஒண்டாப் பாக்கிறீங்க எண்டு நான் கேட்டன். அதுக்கு ஒரு டொக்டர் தம்பி நிண்டு நிதானமாச் சொன்னது மெலியோய்டோசிஸ் எண்ட வருத்தத்தப் பத்தி. மண்ணுலயும் தண்ணியிலயும் இருக்கிற ஒரு பக்டீரியா, மழை காலத்துல கூடுதலா வரும், கால்ல இருக்கிற வெட்டுக்காயத்தால உள்ளுக்குப் போகும், மூச்சாலயும் போகும். 1912ல ரங்கூன்ல விட்மோர், கிருஷ்ணசாமி எண்ட ரெண்டு டொக்டர்மார்தான் முதல்முதல் இதப்பத்தி எழுதினவங்களாம், இலங்கையில 1927லயே ஒருத்தருக்குக் கண்டுபுடிச்சும் மறுகா கனகாலம் இது இஞ்ச அரிது எண்டு விட்டுட்டாங்க, கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்து ஆக்கள் ஆஸ்பத்திரி மாதிரிகள தேடித்தேடிச் சோதிக்கத் தொடங்கின பிறகுதான் நாட்டுல பல மாவட்டத்துல இருக்கெண்டு தெரிய வந்திச்சு, எங்கட மட்டக்களப்பும் அதுல ஒண்டு. தேடாட்டி இல்லயெண்டுதான் நினைச்சிருப்பம், ஆய்வு எதுக்கு எண்டு கேக்கிற ஆக்களுக்கு இதவிட என்னத்தச் சொல்ல. இந்த வருத்தம் வாற ஆக்கள்ல அரைவாசிக்கு மேல சீனி உள்ள ஆக்களாம். நெஞ்சுல வந்தா காசநோய் மாதிரியே காட்டும், ஈரல்ல சீழ்க்கட்டி வரும், வழமையாப் போடுற கன அன்ரிபயோட்டிக் இதுக்குக் கேக்காது. சரியான மருந்த குறைஞ்சது பத்துப் பதினாலு நாள் ஊசியா ஏத்தி, மறுகா மூண்டு மாசம் குளிசை குடிக்கோணும். தடுப்பூசி இல்ல. எலிக்காய்ச்சலுக்கு பிஎச்ஐ ஐயா (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தாற குளிசைய குடிச்சிட்டு இதுக்கும் காவல் எண்டு நினைக்கவும் ஏலாது.

யோசிச்சுப் பாருங்க, எங்கட வயல் வட்டையில சேத்துக்க இறங்கிற ஆக்கள்ல எத்தின பேருக்கு சீனி, அதுல எத்தின பேர் செருப்பில்லாம கால்புண்ணோட இறங்கிறாங்க. சீனி உள்ள ஆள் காய்ச்சலோட ஆஸ்பத்திரிக்குப் போனா "எனக்கு சீனி, நான் வயல் வேலை" எண்டு ரெண்டையும் வாய் திறந்து சொல்லுங்க எண்டார் அந்த டொக்டர் தம்பி, அப்பதான் டொக்டருக்கு ரத்தத்துல இருக்கிற கிருமிய வளத்துப் பாக்கிற ரெஸ்ட் செய்ய யோசனை வரும். இந்த ஒரு கதைக்காகவே அந்த முகாமுக்குப் போகலாம்.

தோல்ல உணர்ச்சியில்லாத வெளிறின தேமல் இருக்கா எண்டும் பாத்தாங்க. குஷ்டரோகக்காரர வச்சிருந்த மாந்தீவு ஆஸ்பத்திரி எண்டாலே பயந்து தேமல ஒளிச்ச சனம் எங்கட சனம், அந்தக் கதையெல்லாம் இப்ப வேணாம், குஷ்டரோகத்துக்கு ஆறு மாசமோ ஒரு வருசமோ குளிசை குடிச்சா மாறும், அதுக்குக் காசும் கேக்க மாட்டாங்க.

சரி, குறை. வெறும் வயித்தோட வரச்சொல்லிட்டு பத்தர மணி வரைக்கும் சீனிக்காரர இருக்க வச்சது பெரிய பிழை, ஒரு அம்மா வேர்த்து நடுங்கிட்டா. வயசான ஆக்கள முதல்ல விடோணும், ரத்தம் எடுத்த கையோட ஒரு பிஸ்கட்டும் பிளேன்டியும் குடுக்கோணும். ரிப்போட் வரவும் சரியா சுணங்கிட்டு, வந்ததும் முழுக்க இங்கிலிசு. பெரியப்பாட வெறும் வயித்துச் சீனி 126க்கு மேல, அது சீனி வருத்தம் எண்டு கணக்கெடுக்கிற அளவு, அத அவருக்கு விளங்கப்படுத்தினது எங்கட மிட்வைஃப் அக்காதான், குழு இல்ல. மத்தது, விதைப்பு நேரத்துல கிழமை நாள் காலமயில வச்சா வயலுக்குப் போற ஆம்பிளையள் எப்பிடி வாற? வந்தது முழுக்க பொம்பிளையளும் வயசான ஆக்களும். சேத்து வருத்தத்த ஆராய வந்துட்டு சேத்துக்க நிக்கிற ஆளயே விட்டுட்டா கணக்கு எப்பிடிச் சரியா வரும், ஞாயித்துக்கிழமை ஒண்டு வச்சிருக்கலாம். இத அங்கயே சொன்னன், எழுதி எடுத்தாங்க. அஞ்சுக்கு நாலு குடுப்பன், ரிப்போட் தமிழ்ல நேரத்துக்கு வந்தா அஞ்சும் குடுக்கலாம்.

போற ஆக்கள் கிளினிக் கொப்பியயும் குடிக்கிற குளிசை அட்டையயும் கொண்டு போங்க. இன்சுலின் போடுற ஆக்கள் சாப்பிடாம வரலாமா எண்டு முதல் நாளே கிளினிக்குல கேட்டுக்கோங்க. ரத்தத்துல அந்த மெலியோய்டோசிஸ் கிருமிக்கு எதிரா உடம்பு உண்டாக்கிற பொருள் (அன்ரிபொடி) இருக்கெண்டு ரிப்போட் வந்தா வருத்தம் இருக்கெண்டு அர்த்தமில்ல, எப்பவோ பட்டிருக்கு எண்டுதான், பயப்பட வேணாம். கால்ல ஆறாத புண் இருந்தா அவங்க கேக்காட்டியும் காட்டுங்க.