என்100 மினி பிசி: படத்துக்குச் சரி, ஒலிக்கு?

இன்டெல் என்100 சிப் வைத்த மினி பிசிக்கள் 2023 முதல் ஹோம் தியேட்டர் அலமாரிகளில் இடம்பிடித்து வருகின்றன. 4 கோர், 6 வாட் டிடிபி (சிப்புக்கு வகுத்த மின் அளவு) என்று படித்ததும் உதடு பிதுக்குபவர்கள் உண்டு. தேவையில்லை. எச்இவிசி 10 பிட், விபி9, ஏவி1 என்ற வீடியோ சுருக்க வடிவங்கள் மூன்றையும் சிப்பிலுள்ள தனி வீடியோ பகுதியே டிகோட் செய்துவிடும் (விரித்துக் காட்டிவிடும்). 4கே படம் ஓடும்போது கோர்களுக்குப் பெரிய வேலையே இருக்காது. விதிவிலக்கு 10 பிட் எச்.264 என்ற பழைய வடிவம். அனிமே ஃபைல்களில் அடிக்கடி வரும் அதைக் கோர்கள்தான் சுமக்க வேண்டும். 1080பி என்றால் சமாளித்துவிடும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியது எச்டிஎம்ஐ போர்ட். 1.4 என்றால் 4கே-யில் 30 ஹெர்ட்ஸோடு (நொடிக்கு 30 ஃபிரேம்) நின்றுவிடும், அந்த மாடலை விட்டுவிடலாம். 2.0 தாராளம்: 24 ஹெர்ட்ஸ் எச்டிஆர் (ஒளியும் நிறமும் விரிந்த) படம் நிறம் குறையாமல் போகும், 60 ஹெர்ட்ஸ் எச்டிஆருக்கு மட்டும் நிறத் தகவல் பாதியாகும் 4:2:2-க்கு இறங்க வேண்டியிருக்கும்.

தலைவலி ஒலியில்தான். பிசியை டிவியில் செருகி, டிவியிலிருந்து ஏஆர்சி (எச்டிஎம்ஐ கேபிளிலேயே ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருக்கு ஒலி கொண்டுபோவது பலர் செய்வது. சாதாரண ஏஆர்சியில் ப்ளூரேயின் தரம் குறையாத ஒலி வடிவங்களான டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டும் போகாது. அதற்கு அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும். அது இருந்தும் சில டிவிகள் டிடிஎஸ்ஸை மறித்துவிடும். எனவே பிசியை நேராக ரிசீவரில் செருகுங்கள், அங்கிருந்து டிவிக்குப் படம் போகட்டும். ரிசீவர் 4கே எச்டிஆரைக் கடத்தாத பழையதாக இருந்தால் இந்த வழி அடைபடும், அப்போது முதலில் மாற்ற வேண்டியது ரிசீவரைத்தான்.

படம் ஓட்டும் கோடி (Kodi) மென்பொருளின் ஆடியோ பகுதிக்குப் போய், ஒலியை விரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் பாஸ்த்ரூவை இயக்கி, ரிசீவர் புரிந்துகொள்ளும் வடிவங்களை மட்டும் டிக் செய்யுங்கள். புரியாததை டிக் செய்தால் சத்தமே வராது, அல்லது கரகரவென்று இரைச்சல் வரும். மெனு கிளிக் சத்தத்தின் தொடக்கமும் பாட்டின் முதல் அரை நொடியும் வெட்டுப்பட்டால், ஆடியோ சாதனத்தை விழிப்பில் வைக்கும் அமைப்பை 'எப்போதும்' என்று மாற்றுங்கள். படத்தின் ஃபிரேம் வேகத்துக்கேற்பத் திரையின் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் அமைப்பையும் போட்டுவிடுங்கள். 23.976 ஃபிரேம் படத்தை 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால் கேமரா மெல்லத் திரும்பும் காட்சிகள் தத்தித்தத்திப் போகும்.

3.5 மிமீ ஜாக்கிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வயர் இழுப்பது கடைசி வழி. மவுஸை அசைத்தாலே ஸ்பீக்கரில் 'கீச்' கேட்கிறதா? கிரவுண்ட் லூப்பாக (எர்த் இணைப்புகள் வழியாக இரைச்சல் நுழையும் கோளாறு) இருக்கலாம். பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடும் வேலை மட்டும் கூடவே கூடாது. ஆப்டிகல் வெளியீடுள்ள யுஎஸ்பி ஆடியோ கருவி போட்டால் மின்தொடர்பே அறுந்து, அந்த வழியாக வரும் இரைச்சல் நின்றுவிடும். ஆனால் ஆப்டிகலில் இரண்டு சேனல் பிசிஎம் (சுருக்காத ஒலி) அல்லது சுருக்கிய 5.1 வரைதான்.

சின்ன ஃபேன் உள்ள மாடல்கள் இரவில் இரையும். பிசியின் அடிப்படை அமைப்பான பயாஸ் இடம் கொடுத்தால், 6 வாட்டுக்கு மேல் ஏற்றி வைத்திருக்கும் மின் வரம்பை 10 வாட்டுக்குக் குறையுங்கள். டிகோட் செய்வது தனிப் பகுதி என்பதால் படத்தில் வித்தியாசம் தெரியாது. 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க்கை அறைக்கு வெளியே நெட்வொர்க்கில் வையுங்கள். 4கே ப்ளூரேயின் உச்ச வேகமே நொடிக்கு 150 மெகாபிட்டைத் தாண்டாது, கிகாபிட் கேபிளுக்கு அது ஒரு பொருட்டல்ல. வைஃபையில்தான் திணறலாம்.

டிவி ரிமோட்டால் இயக்கலாம் என்று எண்ணி வாங்காதீர்கள். பிசிக்களின் எச்டிஎம்ஐயில் பெரும்பாலும் சிஇசி (டிவி ரிமோட்டின் கட்டளையை எச்டிஎம்ஐ வழியே கடத்தும் வசதி) இருக்காது. பல்ஸ்-எய்ட் யுஎஸ்பி அடாப்டர் தனியாக வேண்டும்.

டால்பி விஷனும் (எச்டிஆரின் ஒரு வகை) நெட்ஃபிளிக்ஸ் 4கே-யுமே முக்கியம் என்றால் இந்தப் பெட்டி வேண்டாம். லினக்ஸ் பிரவுசரில் நெட்ஃபிளிக்ஸ் 4கே தராது. அதற்கு ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கே மேல். சொந்த டிஸ்க்குகளை ஃபைலாக்கி வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம்: கோடியை ஓட்டுவதற்கென்றே செய்த லினக்ஸான லிப்ரெஎலெக்குக்கு 8 ஜிபி ரேம், விண்டோஸ் என்றால் 16.