"ரினியூவலுக்குப் போட்டாச்சு சார்" என்று சொல்லும் மண்டபம்

திருச்சிப் பக்கம் கல்யாண மண்டபம் தேடுகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். வழக்கு நடப்பதால் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அண்ணன் மகன் கல்யாணம். ஏசி ஹால், மாடியில் பந்தி, கார் நிறுத்தத் தாராளமான இடம், எல்லாம் பொருந்தி வந்தது. உரிமம் இருக்கிறதா என்று கேட்டோம். மேனேஜர் சுவரைக் காட்டி, "தாசில்தார் லைசென்ஸ், ஃபயர் லைசென்ஸ் எல்லாம் பக்கா சார்" என்றார். ஃபிரேம் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து மாட்டியிருந்தார்கள். 75,000 ரூபாய் முன்பணம் கட்டினோம்.

பத்திரிகை அடித்து முடித்த பிறகு, சமையலுக்குப் பேசியிருந்த மாஸ்டர் மண்டபத்தின் பெயரைக் கேட்டதும் முழித்தார். "அங்கயா? போன வருஷம் கிச்சன்ல தீப்பிடிச்சு சீல் வெச்சாங்களே, தொறந்துட்டாங்களா?"

திரும்பப் போய் அந்த ஃபிரேமைக் கழற்றச் சொன்னோம். செல்லுபடியாகும் தேதி இருந்த கடைசி வரியை மரச்சட்டம் மறைத்திருந்தது. அது எப்போதோ காலாவதி. மேனேஜர் அசரவில்லை. "ரினியூவலுக்குப் போட்டாச்சு சார், வந்துடும்" என்று ஒரு ரசீதை நீட்டினார். மனு கொடுத்ததற்கான ரசீது அது. தீ விபத்தைப் பற்றிக் கேட்டால், "சின்ன விஷயம், எண்ணெய்ச் சட்டி பத்திக்கிச்சு" என்றார்.

சரி, மாடியைப் பார்ப்போம் என்று ஏறினோம். பந்தி ஹாலில் இருந்து இறங்க இரண்டாவது படிக்கட்டு இருக்கத்தான் செய்கிறது. அதன் இரும்புக் கதவுக்குப் பூட்டு. கம்பி வழியே பார்த்தால் படி முழுக்க பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் காலி சிலிண்டர்கள். சாவி வாட்ச்மேனிடம் இருந்தது. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். தீயணைப்பான் ஒன்று தொங்கியது, அதன் அழுத்தம் காட்டும் முள் சிவப்பில் நின்றது.

திருச்சிக்காரர்களுக்கு இதன் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில், மண்டப மாடியில் போட்ட கீற்றுப் பந்தலில் வீடியோ விளக்கு ஒயரில் இருந்து தீ பிடித்து, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் சொந்தத்திலேயே அன்று அந்தத் தெருவில் நின்றவர்கள் இருக்கிறார்கள். மண்டபத்தை மாற்றலாம் என்று சொன்னதும் வீட்டில் ஒருவரும் மறுக்கவில்லை.

வேறு இடம் கிடைத்தது, கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. முன்பணம்தான் வரவில்லை. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் "எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்று இருக்கிறதாம். உரிமம் இல்லாததும் அந்த எக்காரணத்தில் சேர்ந்துவிடும் போலிருக்கிறது!

இடையில் தாலுகா அலுவலகத்துக்கும் தீயணைப்புத் துறைக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த பதில்தான் தூக்கிவாரிப் போட்டது. குறைகளைச் சரிசெய்வதாக உரிமையாளர் எழுதிக் கொடுத்ததன் பேரில் சீலை எடுத்திருக்கிறார்கள். தற்காலிக அனுமதி, அது முடிந்ததும் இன்னொரு தற்காலிக அனுமதி. இரண்டாவது படிக்கட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது நிபந்தனையில் இருக்கிறது. அதைப் பார்க்க யாரும் போனதாகப் பதிவு இல்லை. அந்தக் கடைசி அனுமதியும் எங்களிடம் பணம் வாங்கும் முன்பே முடிந்துவிட்டது.

இப்படித்தான் டெல்லி உப்ஹார் தியேட்டரும் ஓடியது. 1983இல் பாதுகாப்புக் குறைகளுக்காக அதன் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். நீதிமன்றத்தில் தடை வாங்கிவிட்டு, தற்காலிக அனுமதிகளிலேயே வருடக்கணக்கில் படம் ஓட்டினார்கள். 1989இல் அங்கே டிரான்ஸ்ஃபார்மர் தீப்பிடித்தது. அப்புறமும் அனுமதி கிடைத்தது. 1997 ஜூன் 13 அன்று மறுபடி டிரான்ஸ்ஃபார்மரில் தீ. பால்கனியில் ஒரு பக்க வழியை இருக்கைகள் போட்டு அடைத்திருந்தார்கள். புகையில் மூச்சுத்திணறி 59 பேர் செத்தார்கள். பழைய குற்றம் ஃபைலில் இருந்தது, அடுத்தடுத்த அனுமதிகளும் அதே ஃபைலில்தான் இருந்தன.

அதனால் "லைசென்ஸ் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். இருக்கு என்றுதான் சொல்வார்கள். உரிமத்தைக் கையில் வாங்கி, முகூர்த்த நாள் அதன் தேதிக்குள் வருகிறதா என்று பாருங்கள். இதற்கு முன் சீல் வைத்தார்களா, நோட்டீஸ் வந்ததா, அதற்குப் பிறகு என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். இரண்டாவது படிக்கட்டில் நீங்களே இறங்கிப் பாருங்கள். உரிமம் செல்லாவிட்டால் முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். எனக்கு அதில் காரியம் ஆகவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அடுத்த வாய்தா வரப்போகிறது.

அந்த மண்டபம் தை முகூர்த்தங்களுக்கு இன்னமும் புக்கிங் எடுத்துக்கொண்டிருக்கிறது. திருச்சிப் பக்கம் மண்டபம் பேசி வைத்திருப்பவர்கள் உள்பெட்டியில் பெயரைச் சொல்லுங்கள். அதுவாக இருந்தால், எனக்கு வந்த பதிலின் நகலை அனுப்புகிறேன்.