புகைப்படப் பட்டப்படிப்புக்கு பென்டாக்ஸ் கே1000 போதுமா?

புகைப்படக் கலையைப் பட்டப்படிப்பாக எடுப்பவர்களிடம் பல துறைகள் முதலாண்டிலேயே மேனுவல் ஃபிலிம் கேமரா ஒன்று கேட்கும். அப்போது அடிபடும் முதல் பெயர் பென்டாக்ஸ் கே1000. 1976 முதல் 1997 வரை தயாரான மாடல். இன்று கிடைப்பதெல்லாம் கைமாறி வந்தவை. அதனால் மாடல் நல்லதா என்பதோடு, கைக்கு வந்த கேமரா நல்லதா என்றும் பார்த்தாக வேண்டும்.

இதில் வசதிகள் குறைவு. ஷட்டர் 1 நொடியிலிருந்து 1/1000 வரை, கூடவே பி (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை). வியூஃபைண்டரில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் ஒன்று. ஷட்டர் எண்ணோ அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) எண்ணோ உள்ளே தெரியாது. செல்ஃப் டைமரையும் டெப்த் ஆஃப் ஃபீல்ட் பிரிவ்யூவையும் (எந்த அளவு ஆழம் தெளிவாக வரும் என்று முன்கூட்டியே காட்டும் வசதி) பென்டாக்ஸின் கேஎம் மாடலிலிருந்து கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்தார்கள். படிக்கிறவருக்கு எண்கள் உள்ளே தெரியாதது நல்லதே: எந்த வளையத்தை எத்தனை ஸ்டாப் (ஒளியை இரட்டிப்பாக்கும் அல்லது பாதியாக்கும் படி) திருப்பினோம் என்பதை மனதில் வைத்தே ஆகவேண்டும். பிரிவ்யூ இல்லாததுதான் உண்மையான நஷ்டம்.

எல்ஆர்44 பேட்டரி ஒன்று, அதுவும் மீட்டருக்கு மட்டும். பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடும். கேனன் ஏஇ-1 அந்த இடத்தில் நின்றுவிடும். மீட்டருக்கு சுவிட்ச் கிடையாது, லென்ஸ் மூடிதான் சுவிட்ச். மூடாமல் மேசையில் வைத்தால் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

மீட்டர் சட்டகம் முழுவதையும் சராசரி பார்க்கும். ஜன்னலுக்கு முன்னால் ஆளை நிறுத்தி முள்ளை நடுவில் வைத்தால் முகம் கறுத்துப்போகும். முகத்துக்கு விழும் அதே வெளிச்சத்தில் கிரே கார்டை (அளவெடுக்கப் பயன்படும் நடுத்தரச் சாம்பல் அட்டை) சட்டகம் நிறையப் பிடித்து அளந்து, அந்த அளவை மாற்றாமல் பின்னால் வந்து எடுக்க வேண்டும். ஃபிலிம் வேகத்தை ஷட்டர் டயலின் வெளிவளையத்தைத் தூக்கித் திருப்பி வைக்கிறோம். புது ரோல் போடும்போது பலரும் மறப்பது இதைத்தான்.

ஃபிலிம் போட்டதும் ரீவைண்ட் குமிழை மெல்லச் சுற்றித் தொய்வை எடுத்துவிட்டு லீவரை இழுங்கள். குமிழ் எதிர்ப்பக்கம் சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. சுழலாவிட்டால் நுனி ஸ்பூலில் மாட்டவில்லை. படங்களை எண்ணும் கவுண்டர் மட்டும் 36 வரை ஓடும், ரோல் வெறுமையாகவே வரும்.

டார்க்ரூமில் கேமராவைத் திட்டுவதற்கு முன் நெகட்டிவின் ஓர எண்களைப் பாருங்கள். அவை தொழிற்சாலையிலேயே பதிந்தவை. எண்கள் நல்ல கறுப்பாக இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தால் எக்ஸ்போஷர் (ஃபிலிமில் விழுந்த ஒளி) குறைவு. எண்களும் சேர்ந்து வெளிறியிருந்தால் டெவலப்பரில் கோளாறு: சூடு குறைவு, நேரம் குறைவு, அல்லது கரைசல் செத்துவிட்டது. எச்பி5 பிளஸ் கறுப்பு-வெள்ளை ஃபிலிமை ஐஎஸ்ஓ 400-இல் எடுத்து, ஐடி-11 டெவலப்பரைத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்து 20 டிகிரியில் கழுவினால் 13 நிமிடம். அதைக் குறைக்க வேண்டாம்.

வாங்கும்போது பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, வெளிச்சமான சுவரைப் பார்த்தபடி 1/1000-இல் அழுத்துங்கள். சட்டகம் முழுக்க ஒளி மின்ன வேண்டும். இடது அல்லது வலது ஓரம் இருட்டாக இருந்தால் ஷட்டரின் இரண்டாம் திரை முதல் திரையைப் பிடித்துவிடுகிறது, சர்வீஸ் கட்டாயம். திரை துணி, விரல் படக்கூடாது. கதவோரப் பள்ளத்தில் ஃபோம் தார்போல் ஒட்டினால் ஒளி கசியும், நெகட்டிவில் கறுப்புக் கீற்று விழும். இதற்குப் பயப்பட வேண்டாம், ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு புது ஃபோம் ஒட்டலாம். அப்பர்ச்சர் வளையம் இல்லாத பிற்காலக் கே-மவுண்ட் லென்ஸ்கள் மாட்டிக்கொள்ளும், ஆனால் அப்பர்ச்சரை மாற்ற வழியில்லை.

கேமரா திணறும் இடம் வெயிலில் ஃபிளாஷ். சிங்க் (ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/60 மட்டுமே. சுள்ளென்ற வெயிலில் 400 ஃபிலிமுக்கு எஃப்/22 வைத்தாலும் கிட்டத்தட்ட இரண்டு ஸ்டாப் கூடுதலாக விழும். நிக்கான் எஃப்எம்மில் 1/125 வரை போகலாம். அந்தப் பாடத்துக்கு 100 ஃபிலிம் போட்டால் கே1000-மே எஃப்/22-இல் சமாளித்துவிடும்.